கர்தினாலின் வெள்ளிக்கிழமை

“கர்தினாலுக்கும் வெள்ளிக்கிழமைதான் லீவா அக்கா?” என்று ஜெசிந்தா ஒருநாள் கேட்டாள். யோசிக்காமல் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

2003-இல், குவைத்தின் அப்பாசியாவில் ஒரே ஃபிளாட்டை இரண்டு குடும்பங்கள் பங்கிட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு நான் வீட்டில் இருந்தேன். அடுத்த அறையில் ஜெயசீலன் அங்கிளும் அவருடைய ஏழு வயது மகள் ஜெசிந்தாவும். அவள் அம்மா இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அங்கிள் டியூட்டிக்குப் போனதும் அவளுக்குத் தலைபின்னி ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிடுவேன். அங்கே வார விடுமுறையான வெள்ளிக்கிழமை மட்டும் அங்கிளே பின்னுவார். ஒரு சடை மேலே இருக்கும், ஒரு சடை கீழே இறங்கியிருக்கும். அப்படியே இருவரும் பூசைக்குப் போவார்கள்.

அவள் அம்மாவின் பெட்டியில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் இருந்தது. எத்தியேன் என்ற பிரெஞ்சுப் பிரபுவின் கதை. கோட்டை, குதிரைகள், அழகான மனைவி, ஒரே மகள். மனைவி காய்ச்சலில் இறந்ததும் பிரபு மகளைத் தன் அக்காவிடம் விட்டுவிட்டுப் பாதிரியாராகக் குருமடம் போனார். பின்னாளில் போப்புக்கு அடுத்த நிலையான கர்தினால் ஆனார். அதற்குப் பிறகு மகளைப் பற்றி ஒரே ஒரு வரிதான்: பதினோரு வருடம் கழித்து, கூட்டத்தோடு கூட்டமாக மண்டியிட்டு அவர் மோதிரத்தை முத்தமிட்டாள்.

அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. யாருக்கும் காட்டாத என் நோட்டில் வேறு மாதிரி எழுதினேன். வெள்ளிக்கிழமைதோறும் பூசை முடிந்ததும் கர்தினால் சிவப்பு அங்கியோடு குதிரையேறி வீட்டுக்கு வந்து மகளுக்குத் தலைபின்னுவார். எனக்குத் தெரிந்த கிறிஸ்தவர்கள் எல்லோரும் வெள்ளிக்கிழமைதான் கோயிலுக்குப் போனார்கள். பிரான்ஸிலும் அப்படித்தான் என்று நினைத்தேன். ஜெசிந்தாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டினேன், ஏ.சி. இரைச்சலில் யாருக்கும் கேட்காதபடி.

ஜூனில் அங்கிளுக்கு அபுதாபியின் ருவைஸில் வேலை கிடைத்தது. அங்கே தொழிலாளர் கேம்ப்பில் பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. பாளையங்கோட்டையில் ஹாஸ்டல் என்று முடிவானது. ஜெசிந்தா அழவே இல்லை. அங்கிள் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டும்போது கேட்டாள்:

“ஃப்ரைடே எத்தனை மணிக்கு ஹாஸ்டலுக்கு வருவீங்க டாடி?”

“எந்த ஃப்ரைடேம்மா?”

“எவ்ரி ஃப்ரைடே. கர்தினால் வருவார்ல? அக்கா நோட்ல இருக்கு.”

அங்கிள் எங்கள் அறை வாசலுக்கு வந்தார். நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார்.

“பிரான்ஸ்ல ஞாயித்துக்கிழமைல்லா லீவு, கனகா!” என்று சிரித்தார். பக்கத்தைப் புரட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“எனக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு லீவும்மா. நீயே அவட்ட சொல்லிரு. நான் வாயெடுத்தா அழுதுருவேன்.”

அவர்கள் புறப்பட்டதும் ஒரு வெள்ளிக்கிழமைதான். அங்கிள் சீப்பை என் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டிகளைக் கீழே இறக்கப் போனார். ஒரு சடையைப் பின்னி முடித்த பிறகு சொன்னேன்.

“ஜெசி, கர்தினால் வீட்டுக்கு வரவே இல்ல. நான்தான் வந்ததா எழுதினேன்.”

“ஒரு ஃப்ரைடேகூடவா?”

“ஒண்ணுகூட இல்லடா.”

கீழே டாக்சி ஹாரன் அடித்தது. ஜெசிந்தா எழுந்தாள். என் கையிலிருந்த சீப்பை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பாதித் தலை விரிந்து கிடக்க, ஒற்றைச் சடையோடு படியிறங்கிப் போனாள்.