ஆயிரத்திருநூறு ஜூல் இருட்டு

1.

இந்தக் கதை ஒரு மடத்தனமான கேள்வியிலிருந்து பிறந்தது. கேள்வி என்னுடையது. புத்தகத்தின் பின்னட்டைக்குப் படம் வேண்டுமென்று ஒரு புகைப்படக்காரரிடம் போயிருந்தேன். பட்டப்பகல். என்னைச் சுவரோரம் நிறுத்திவிட்டு, வாளி அளவுக்கு ஒரு விளக்கைத் தூக்கிவந்து மூஞ்சிக்கு நேரே வைத்தார்.

"இவ்வளவு வெயில் இருக்கே, விளக்கு எதுக்குங்க?"

அவர் சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஒரு சுற்று சிரித்தார். "வெயிலை அணைக்கத்தான்" என்றார்.

வெயிலை அணைக்க விளக்கு! அன்று வீடு வந்து சேரும்வரை என் கால் தரையில் பாவவில்லை. (படம் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். பின்னட்டையில் இப்போது ஒரு மரம் இருக்கிறது.) அவருக்கு இல்லாத ஓர் அக்காவையும், அவருக்கு நேராத ஒரு வில்லங்கத்தையும் நான் கைக்காசு போட்டுச் சேர்த்தேன். மற்றபடி எல்லாம் பொய்.

2.

முதல் தொடக்கம்: "உச்சிச் சூரியன் தகித்துக்கொண்டிருந்த அந்த—"

வேண்டாம். கதைகளில் சூரியன் தகித்துத் தகித்தே ஓய்ந்துவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: "ஒளி என்பது உண்மையில் இருளின்—"

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மூன்றாவது: அவனை எல்லோரும் மேகம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

இது பரவாயில்லை. ஏன் மேகம்? வெளியில் வைத்துப் படமெடுக்கும்போதெல்லாம் அவன் வாயிலிருந்து முதலில் வருவது, "கொஞ்சம் பொறுங்க, ஒரு மேகம் வரட்டும்." சூரியனை மேகம் மூடினால் ஒளி மெத்தென்று இறங்கும். கண் கூசாது, கண்ணுக்குக் கீழே கறுப்புக் குழி விழாது. ஒருமுறை ஒரு குடும்பத்தை அவன் காக்கவைத்த நேரத்தில் கைக்குழந்தை நிற்கப் பழகிவிட்டது என்பார்கள். நான் நம்பவில்லை. தவழப் பழகியிருக்கலாம்.

அவனுடைய அக்கா பேருந்து ஓட்டுநர். பதினெட்டு வருசம். அடுத்த மாதத்திலிருந்து புது ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை அவளுக்கு என்று முடிவாகியிருந்தது. அவள் கேட்டு, காத்திருந்து, மூன்று தடவை கை நழுவி, நான்காம் தடவை கிடைத்தது. கூடவே ஒரு மரியாதை: அவள் முகத்தைப் பெரிதாக அச்சடித்து நிறுவனத்தின் எல்லாப் பேருந்துகளின் பின்னாலும் ஒட்டப்போகிறார்கள். படமெடுக்க வெளியாள் எதற்கு, வீட்டிலேயே ஒரு தண்டம் இருக்கிறதே என்று தம்பியைச் சொல்லிவிட்டாள்.

"பன்னெண்டேகாலுக்கு டிப்போக்குள்ள வருவேன். பன்னெண்டு நாப்பதுக்கு வண்டி எடுக்கணும். அதுக்குள்ள முடிச்சிரு."

"உச்சி வெயிலாச்சேக்கா. ஒரே ஒரு மேகம் மட்டும்—"

"உன் மேகத்துக்கெல்லாம் நான் ஸ்டாப்பிங் போட முடியாதுடா."

3.

ஆகவே அவன் ஃபிளாஷ் வாடகைக்கு எடுக்கப் போனான். இந்தப் பகுதியில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்படாதீர்கள், எனக்கே புரிந்தது.

வெயிலை அடக்கக் கேமராவின் கண்ணைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் வெயிலோடு சேர்த்து ஃபிளாஷ் வெளிச்சமும் குறையும். (ஷட்டரை வேகமாக்கித் தப்பிக்கலாமே என்று முணுமுணுக்கும் வாசகரே, வணக்கம். ஒரு வேகத்தைத் தாண்டினால் சாதாரண ஃபிளாஷ் அதற்கு ஈடுகொடுக்காது, படத்தில் பாதி கறுப்புப் பட்டையாகிவிடும். மேகத்தின் கேமராவில் அந்த எல்லை வினாடியில் இருநூறில் ஒரு பங்கு.) கண்ணைச் சுருக்கிய பிறகும் முகத்தில் வெளிச்சம் மிஞ்ச வேண்டுமென்றால், அந்த ஒரு நொடியில் ஃபிளாஷ் சூரியனை மல்லுக்கட்டிச் சாய்க்க வேண்டும்.

கடைக்காரம்மா மேசைமேல் மூன்றை வைத்தார். ஃபிளாஷின் சக்தியை அளப்பது ஜூலில்: இருநூறு, அறுநூறு, ஆயிரத்திருநூறு.

"இருநூறு இந்த வெயிலுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. அறுநூறு எடுத்துக்கோ தம்பி."

"ஆயிரத்திருநூறு?"

"அதுக்கும் இதுக்கும் ஒரு படிதான் வித்தியாசம். ரெண்டு மடங்கு சக்தி, ஒரே ஒரு படி. அந்த ஒரு படிக்குப் பன்னெண்டு கிலோ தூக்கணும். வேணும்னா விளக்கைக் கிட்ட வை. தூரம் பாதியானா வெளிச்சம் நாலு மடங்கு."

"கிட்ட வச்சா படத்துல விளக்கு தெரியுமே. பின்னாடி முழு பஸ்ஸும் வரணும்."

"அப்பவும் அறுநூறு போதும். பகல் பகலா இருக்கும், முகமும் பளிச்னு இருக்கும்."

இங்கே நான் அவனை அறுநூறு எடுக்கவைத்துப் பார்த்தேன். படம் அருமையாக வந்தது, அக்காவுக்கு வேலை கிடைத்தது, கதை இரண்டரைப் பக்கத்தில் செத்துப்போனது. பதினோரு வருசமாக மேகத்தைக் கெஞ்சிக்கொண்டிருந்தவன் கையில் முதன்முதலாகச் சூரியனை அடிக்க ஒரு தடி கிடைக்கிறது. சின்னத் தடியா எடுப்பான்?

"ஆயிரத்திருநூறே குடுங்க."

"சூரியன் உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டபடி அவர் ரசீது எழுதினார்.

4.

டிப்போ முற்றம். ஏழாம் எண் பேருந்து. பின்னால் சுவரில் பெரிய கடிகாரம். அக்கா சீருடையில் வந்து நின்றாள், மேகம் ஒயரோடு மல்லாடிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டு பதினேழுக்கு, வெயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க, ஃபிளாஷ் இல்லாமல் ஒரு சோதனைப் படம் எடுத்தான். எண் 4411. அக்கா அப்போது, "என்னடா நோண்டிக்கிட்டே இருக்க, மூளை வெந்துரும் போலருக்கு!" என்று கத்திக்கொண்டிருந்தாள். ஒரு கண் மூடி, ஒரு கண் பாதி, மூக்கு மேலேறி, வாய் ஒரு சுற்றுலாப் பயணியை விழுங்கும் அளவுக்குத் திறந்து.

கேமராத் திரையை எட்டிப் பார்த்தாள். "ஐயையோ! அழிடா அதை."

"அழிச்சிட்டேன்க்கா."

"என் மேல சத்தியமா?"

"மேகத்து மேல சத்தியமா."

அவன் அழிக்கவில்லை. (ஏன் என்று மூன்று பத்தி எழுதி அடித்துவிட்டேன். சுருக்கம் இதுதான்: அந்த முகத்தோடுதான் அவள் அவனுக்கு நீச்சல், சைக்கிள், பொய் சொல்லாமல் இருப்பது ஆகிய மூன்றையும் கற்றுக்கொடுத்தாள். இரண்டு தேறியது.)

பன்னிரண்டு இருபதுக்கு ஃபிளாஷை முழுச் சக்திக்குத் திருகினான். கேமராவின் கண்ணைக் கடைசிவரை சுருக்கினான். 4412.

பளீர்! மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. திரையைப் பார்த்த மேகம் வாய்விட்டுச் சிரித்தான். வானம் கருநீலம். பேருந்து நிழலுருவம், அதன் எண்ணும் பின்னால் கடிகாரமும் மட்டும் மங்கலாக. நடுவில் அக்கா, வார்த்து நிறுத்திய சிலை மாதிரி, இரண்டு கண்ணும் முழுசாகத் திறந்து.

"அக்கா, சூரியனை அணைச்சிட்டேன்!"

அவள் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். "டேய், என் கண்ணு இவ்வளவு பெருசாடா?" என்றாள், சின்னக் குரலில். பதினெட்டு வருசமாகக் கண்ணாடி வழியே வந்த வெயிலுக்குச் சுருங்கிச் சுருங்கி அவளுக்கே மறந்துபோயிருந்தது.

அந்தப் படத்தை அவள் டிப்போ மேனேஜருக்கு அனுப்பினாள். அண்ணிக்கும், சித்திக்கும், பல் வைத்தியருக்கும் அனுப்பினாள்.

5.

மேனேஜரை முதல் பிரதியில் வில்லனாக எழுதியிருந்தேன், முறுக்கு மீசையோடு. இப்போது மீசையை எடுத்துவிட்டேன். அவர் தன் வேலையைத்தான் செய்தார். போன வாரம் ஓர் இரவு ஏழாம் எண் பேருந்தை யாரோ வெளியே எடுத்துப்போய், பக்கக் கண்ணாடியை உடைத்து, சத்தமில்லாமல் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். யாரென்று தெரியாமல் அவர் மண்டை காய்ந்துகொண்டிருந்த நேரத்தில் ஃபோனில் ஒரு படம் வருகிறது: இருட்டு வானம், ஏழாம் எண் பேருந்து, பக்கத்தில் பெருமையாக நிற்கும் அக்கா.

அக்காவைக் கூப்பிட்டார். அக்கா தம்பியைக் கூப்பிட்டாள்.

"சார், இது மத்தியானம் எடுத்தது. கடிகாரத்தைப் பாருங்க" என்றான் மேகம்.

மேனேஜர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "பன்னெண்டு இருபது."

"ஆமா சார்!"

"நடுராத்திரி பன்னெண்டு இருபது."

மேகம் படத்தின் கீழே விரலை வைத்தான். "நிழல் பாருங்க சார், காலுக்கடியில குட்டியா இருக்கு. சூரியன் உச்சியில—"

"தலைக்கு மேல கம்பத்து விளக்கு இருக்கு தம்பி. உங்க கேமராவுல நேரம் பதிவாகும்ல, அதைக் காட்டுங்க."

பதிவாகியிருந்தது: அதிகாலை மூன்று பத்து. கேமரா வாங்கிய நாள்முதல் அவன் அதில் தேதியும் நேரமும் சரிசெய்ததே இல்லை.

அக்கா அவனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை வர்ணிக்க எனக்குத் தைரியம் இல்லை.

"விசாரணை முடியற வரைக்கும் பயிற்சி வேலைக்கான ஆர்டரை நிறுத்தி வைக்கிறேன்மா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் மேனேஜர். அவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை.

6.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முழுச் சூரியனையே மறைத்தவனை இனி எப்படிக் காப்பாற்றுவது?

முடிவு அ: உண்மையான திருடன் ஓடிவந்து காலில் விழுகிறான். ஆறாம் பகுதியில் புது ஆளா? என் பதிப்பாசிரியர் என் காலில் விழுவார்.

முடிவு ஆ: அக்கா வேலையைத் தூக்கி எறிந்துவிட்டுச் சூரியனை நோக்கி நட— யார் வீட்டுக் காசு?

முடிவு இ: செய்து காட்டுவது. மறுநாள் மத்தியானம் அதே முற்றம், அதே ஆயிரத்திருநூறு. மேனேஜரே போய் நின்றார். பளீர். திரையில் நள்ளிரவில் கம்பீரமாக ஒரு மேனேஜர்.

"அட!" என்றார். சீப்பை எடுத்தார். "இன்னொண்ணு எடுங்க, இந்தப் பக்கம்." இன்னொன்று எடுத்தார்கள். பிறகு சீப்பைப் பைக்குள் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"ஒத்துக்கிறேன் தம்பி. பகல்ல எடுத்தா ராத்திரி மாதிரி வருது. ஆனா ராத்திரியில எடுத்தாலும் ராத்திரி மாதிரிதானே வரும்?"

இந்த வரியை அவர் சொன்னதும் நான் நான்கு நாள் எழுதவில்லை. என் பாத்திரம் என்னைவிட விவரமானவர் என்று தெரிந்தால் உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும்.

மேகத்தின் விரல் கேமராவின் பொத்தான்மேல் நின்றது. அவனிடம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அதைக் காட்டினால் அக்காவின் வேலை பிழைக்கும், அவன் பிழைப்பானா என்பது வேறு விஷயம். அக்காவைப் பார்த்தான். அவள் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள். நாலாவது தடவையும் நழுவப்போகிறது என்று தெரிந்தவள் சுற்றுவதுபோல.

4411-ஐத் திறந்து நீட்டினான்.

கொளுத்தும் வெயில். வெள்ளை வானம். அதே பேருந்து, அதே சீருடை, டயர் பக்கத்தில் அதே எண்ணெய்க் கறை, கடிகாரத்தில் பன்னிரண்டு பதினேழு. நடுவில் அந்த முகம்.

அக்கா எட்டிப் பார்த்தாள். ஒரு நொடி. "அழிச்சிட்டேன்னு சொன்னியேடா படுபாவி!"

கத்தியபோது அதே முகம்: ஒரு கண் மூடி, ஒரு கண் பாதி, மூக்கு மேலேறி. மேனேஜர் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கையெழுத்து ஒத்துப்போவதுபோல இருந்தது.

"4411 பட்டப்பகல். 4412 ராத்திரி. உங்க கேமரா நேரம் தப்பா இருந்தாலும் இது மூணு ஏழு, அது மூணு பத்து. நடுவுல மூணே நிமிஷம்" என்றார். "மூணு நிமிஷத்துல சூரியன் மறையாது. மறைஞ்சா எனக்கு சர்க்குலர் வந்திருக்கும். உங்க ஆர்டரை இப்பவே போடறேன்மா."

மேகம் அக்காவைத் தூக்கிச் சுற்றப் போனான். அவள் முழங்கையை நீட்டித் தடுத்தாள்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றார் மேனேஜர், தயங்கியபடி. "பஸ்ஸுக்குப் பின்னால இந்தப் படத்தைப் போடுவோமா?"

"எதை?"

"இந்தக் கத்தற படத்தை. பின்னாடி வர்றவன் பாத்தான்னா இருபதடி தள்ளியே வருவான். வருசத்துக்கு எத்தனை பேரு இடிக்கிறான் தெரியுமா?" குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்டப் படிச்சுப் போகப்போற பசங்களுக்கும் இந்த முகந்தான் ஞாபகம் இருக்கும்மா. உங்க மூஞ்சி, நீங்க சொல்றதுதான். மத்ததும் நல்லாத்தான் இருக்கு."

7.

அக்கா இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். ஒன்றில் அவளே மறந்துபோயிருந்த கண்கள். இன்னொன்றில் ஊரே அறிந்த வாய்.

அவள் பதிலை மூன்று விதமாக எழுதினேன்.

"சரி, போட்டுத் தொலைங்க—"

"என் பொணத்து மேல—"

"பாதி பஸ்ஸுக்கு இது, பாதி பஸ்ஸுக்கு—"

மூன்றையும் அடித்துவிட்டேன். மூன்றும் என் குரல். அவள் குரல் எனக்கு வரவில்லை, ஏனென்றால் எனக்கு அக்கா கிடையாது. உங்களுக்கு இருக்கலாம். அக்கா இல்லாவிட்டால் தங்கை, மாமா, மனைவி, யாரோ ஒருவர். உங்கள் ஃபோனிலும், அழித்துவிட்டேன் என்று சத்தியம் செய்த படம் ஒன்று இருக்கும். இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போங்கள். "இதைப் பெரிசா அச்சடிச்சு ஊரெல்லாம் ஒட்டலாமா?" என்று கேளுங்கள். அவர் வாயிலிருந்து முதலில் என்ன வருகிறதோ அதுதான் அக்காவின் பதில். இந்தக் கதையின் முடிவும் அதுதான்.

கன்னத்தை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு கேளுங்கள்.