பசியை மறக்கடித்த மாத்திரை

அந்தப் பேருந்து ஓட்டுநரைப் பணிமனையில் எல்லோரும் 'பீப்பாய்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. ஆனால் வருடாந்தரப் பரிசோதனையில் டாக்டர், "அடுத்த தடவையும் இதே எடைன்னா வண்டி ஓட்டக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொன்னபோது மனிதர் ஆடிப்போய்விட்டார். ஸ்டீயரிங்கைத் தவிர வேறு தொழில் அவருக்குத் தெரியாது.

பணிமனை மெக்கானிக் ஒரு மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தான். மேலே பச்சை இலைப் படம். "காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணுண்ணே. எல்லாம் மூலிகைதான். பசின்னா என்னன்னே மறந்துடும்."

மறந்துதான் போயிற்று. மனைவி கட்டிக்கொடுத்த சாப்பாடு கட்டியபடியே வீடு திரும்பியது. அவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "சாப்பாடு பிடிக்கலையா, இல்ல என்னையே பிடிக்கலையா?" என்றாள்.

"டூட்டியில நேரமில்லம்மா" என்று மழுப்பினார். டப்பா சவரச் சாமான்களுக்குப் பின்னால் இருந்தது.

சட்டை தொளதொளத்தது. பணிமனையே மூக்கின்மேல் விரல் வைத்தது. ஆனால் உடம்பு இளைத்த கையோடு தூக்கமும் போயிற்று. நாக்கு உலர்ந்தே கிடந்தது. உள்ளங்கை சும்மாவே வியர்த்தது. ரேடியோவைச் சத்தமாக வைத்ததற்காக மகள்மேல் எரிந்து விழுந்தார். அவளை அதட்டியே அறியாத மனிதர் அவர். பிள்ளை முகம் சுண்டிப்போனதைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது. இருந்தும் மறுநாள் காலை மாத்திரையை விழுங்கினார்.

ஒரு பிற்பகல், பேருந்தில் கால் வைக்க இடமில்லை. பாலத்தில் ஏறும்போது நெஞ்சு தறிகெட்டு அடிக்கத் தொடங்கியது. விளக்குக் கம்பங்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டியதும், வண்டியை மெல்ல ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார்.

"என்னண்ணே, டயரா?" என்று நடத்துனர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

"டயர் இல்லப்பா. நான்தான். இதுக்கு மேல என்னால ஓட்ட முடியாது."

பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்கள். நடத்துனர் அதைக் காதில் வாங்காமல், அவரைத் தோளில் சாய்த்து இறக்கி, ஒரு காரை மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார் அங்கிருந்த பெண் டாக்டர்.

"ஒண்ணும் இல்லம்மா."

பதறி ஓடிவந்த மனைவி கட்டிலோரம் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. "சவரச் சாமானுக்குப் பின்னால ஒரு டப்பா இருக்கு" என்றார்.

மகள் எடுத்துவந்த டப்பாவை டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இலை மட்டும் அழகா போட்டிருக்கான். உள்ள என்ன கலந்திருக்குன்னு ஒரு வரிகூட இல்ல. இதை ஆய்வுக்கு அனுப்புறேன், இனி தொடாதீங்க. நல்லவேளை, வண்டியை நிறுத்துனீங்க."

சில மாதம் அவரைப் பணிமனை அலுவலகத்தில் உட்காரவைத்தார்கள். இளைத்ததில் பாதி திரும்பி வந்தது, சோறும் ருசித்தது. மாலையில் மனைவியோடு நடந்தார். "பஸ் பிடிக்கவா போறோம்? மெதுவாப் போயேன்" என்று அவள் பின்னால் மூச்சு வாங்குவார். எடை அடம்பிடித்துக்கொண்டே இறங்கியது.

ஒருநாள் நடத்துனர் மேசையருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "தப்பா நினைக்காதீங்கண்ணே. அந்த மாத்திரை மிச்சம் இருக்கா? என் வீட்டுல கேக்குறா. நீங்க இளைச்சதப் பார்த்ததுலேருந்து ஒரே நச்சரிப்பு."

"என்னைத் தோள்ல தாங்கிட்டுப் போனது நீதானே?"

"நான்தான். பாதி மாத்திரை போட்டா ஒண்ணும் ஆகாதுங்கிறா..."

ஓட்டுநருக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"உன் வீட்டுக்காரிக்கு ஃபோன் போட்டுக் குடு. நானே பேசுறேன்."