வில் ஓடிய நேரம்

தகர மூடி அடிக்கும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் நின்றவளுக்குக் காது மிஞ்சினால்தான் அதிசயம். அவளுக்கு மிஞ்சவில்லை. முதலில் இடது காது போனது, போன வருடம் வலதும் போனது. யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. இயந்திரக் கூடத்தில் ஒருத்தர் பேச்சு இன்னொருத்தருக்குக் கேட்காது. எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தை வைத்து வீட்டிலும் ஒப்பேற்றிவிட்டாள். பஸ் ஓட்டும் கணவனுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுத் தட்டைத் தவிர வேறெதையும் பார்க்காத மனுஷனுக்கு எதுதான் தெரியும்!

மறைத்தது மகளுக்காக. வாயாடி என்று வீட்டில் கூப்பிடும் அந்தப் பெண் ஏழு வயதிலிருந்து வயலின் வாசிக்கிறாள். புதுப் பள்ளியில் இசை, மொழி இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம், பிறகு மாற்ற முடியாது. அம்மாவுக்குக் காது போய்விட்டது என்று தெரிந்தால் அவள் வயலினைத் தொடவே மாட்டாள். இளகிய மனசு. வெள்ளிக்கிழமை பாடத் தேர்வுப் படிவத்தைக் கொடுக்கும்வரை தாக்குப்பிடித்தால் போதும் என்று அம்மா நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மாலை மகள் முன்னறை ஜன்னலோரம் நின்று வாசித்தாள். அம்மா கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்து வழக்கம்போல வயலின் வில்லையே பார்த்தாள். வில் வேகமாக ஓடினால் புருவத்தைத் தூக்க வேண்டும். மெதுவாகப் போனால் தலையை ஆட்ட வேண்டும். நின்றால் கைதட்ட வேண்டும். சந்தோஷமும் இல்லை, துக்கமும் இல்லை; வரிசையாக வரும் மூடிகளில் கோணல் பார்க்கிற வேலை மாதிரிதான் இதுவும்.

வில் நின்றது. கைதட்டினாள்.

"பிரமாதம்டி. கடைசியில கொண்டுபோய் முடிச்ச பாரு, அதுதான் அழகு."

மகள் சிரிக்கவில்லை. சமையலறையிலிருந்து தட்டும் கையுமாக எட்டிப் பார்த்த கணவனின் உதடுகள் அசைந்தன.

"என்ன வாயாடி, சத்தத்தையே காணோம்? இன்னைக்கு வாசிக்கலையா?"

அம்மா அதைப் படித்தாள். மகள் வில்லைத் தந்திகளுக்கு ஒரு விரற்கடை மேலே பிடித்துக் காட்டினாள். முழுப் பாட்டையும் அந்த இடைவெளியில்தான் வாசித்திருக்கிறாள்.

"எப்போ தெரிஞ்சுது?" என்றாள் அம்மா.

"ரெண்டு மாசமா சந்தேகம். பின்னால நின்னு கூப்பிட்டா நீ திரும்பறதே இல்ல. இன்னைக்குத்தான் உறுதியாச்சு."

கணவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தான்.

மகள் பையிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினாள். மொழிகளின் பட்டியலில் கடைசியாக இருந்த சைகை மொழிக்கு நேராக ஏற்கெனவே டிக் அடித்திருந்தாள். பெற்றோர் கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக இருந்தது.

"எனக்காகன்னா வேண்டாம்," என்றாள் அம்மா.

"உனக்காக யாரு எடுத்தா? நாள் பூரா பேசறேன், அதுல பாதி உனக்கு வந்து சேரல. என்னால தாங்க முடியலம்மா."

இந்த இடத்தில் ஒரு தாய் மல்லுக்கு நின்றிருக்க வேண்டும். எட்டு வருடப் பயிற்சியடி என்று கத்தி, படிவத்தைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். அவளும் அப்படி ஏதாவது தனக்குள் கிளம்புகிறதா என்று காத்துப் பார்த்தாள். ஒன்றும் கிளம்பவில்லை. மனசு மரத்துக் கிடந்தது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

போட்டு முடித்த பிறகுதான் ஒன்று வந்தது. அது அழுகை இல்லை. இனிமேல் அந்த வில்லையே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்ற நிம்மதி. மகளின் வயலின் போகிறது, தனக்கு நிம்மதி வருகிறது. இப்படியும் ஒரு தாயா என்று நினைத்தாள். நினைத்தும் நிம்மதி குறையவில்லை.

மகள் படிவத்தை வாங்காமல் அவள் முகத்தையே பார்த்தபடி நின்றாள்.

"வயலினை விடாதேன்னு நீ ஒரு தடவையாவது அடம் பிடிப்பேன்னு நினைச்சேம்மா."

ஒவ்வொரு சொல்லையும் அம்மா தெளிவாகப் படித்தாள்.

"புரியலடி," என்றாள்.