ஏணியின் துரு

கலைச்செல்வி விழுந்து இறந்த இரும்பேணியை வாடகை வீட்டு உரிமையாளரான சேட் கழற்றி மாற்றியபோது, அதன் படி ஒன்றை அக்காள் முருகம்மாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். தாராவியில் அவளுக்குச் சாயக்கொட்டகை இருந்தது. துருவேறிய படியை, இரும்புச் சாயத் தண்ணீர் எடுக்க, வெல்லத் தண்ணீரில் ஊறப்போட்டாள். மாட்டுங்காவில் கண்காட்சி நடத்தும் விசாலாக்ஷி நினைவுத்துணி ஒன்று கேட்டிருந்தார். தங்கை கடைசியாக உடுத்திய சேலையில் அந்தத் துருவின் நிறத்தையே ஏற்றுவது என்று முருகம்மாள் முடிவு செய்தாள்.

சேலையைத் தர மாரிக்கண்ணன் தயங்கினான். அவன் கலைச்செல்வியின் கணவன்; கொட்டகையின் கடுக்காய்த் தொட்டி அவன் பொறுப்பு.

“குடுக்கேன் மதினி. ஆனா மஞ்சிட்டில செவப்பாப் போடுங்க. அவளுக்குச் செவப்புதான் புடிக்கும்.”

“அவளுக்கா? செவப்புச் சேல எடுத்தா, ‘நான் என்ன தீயணைப்பு வண்டியா’ம்பா.”

“அப்பம் கடுக்காய்லயாவது முக்கிருதேன். சாயம் புடிக்கணும்லா.”

“வேண்டாம் மாரி. கடுக்காய் பட்டா இரும்புத் தண்ணில கருத்துப்போவும். எனக்குத் துருதான் வேணும்.”

அது சந்தன நிறக் கோராச் சேலை. இறந்த அன்று மதியம்தான் கலைச்செல்வி அதை முதன்முறையாக உடுத்தினாள். வீடியோ அழைப்பில் அக்காளுக்குச் சுற்றிக் காட்டினாள். அந்நேரம் மாரிக்கண்ணன் கொட்டகையில் கடுக்காய்த் தொட்டியில் துணி முக்கிக்கொண்டிருந்தான். அங்கிருந்து நேராகத் தாதருக்குச் சரக்குக் கொண்டுபோனதாகவும், செய்தி கேட்ட பிறகே வீடு திரும்பியதாகவும் பின்னர் சொன்னான். கால் தவறியது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

முருகம்மாள் சேலையை இரும்புத் தண்ணீரில் அமிழ்த்தினாள். துருநிறம் மெல்ல ஏறியது. தூக்கிப் பிரித்தபோது, முதுகுப் பக்கத்தில் இரண்டு உள்ளங்கைகள் கருப்பாகத் தெரிந்தன. விழுபவளை இழுத்துப் பிடித்த கையானால் விரல்கள் மடங்கியிருக்கும். இவை விரிந்திருந்தன.

மாரிக்கண்ணன் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“கறை மதினி. முழுசாக் கடுக்காய்ல போட்டு எடுத்தா ஏக்தம், சுத்தமா ஒண்ணுபோலக் கருத்துரும். இங்க குடுங்க.”

“அன்னைக்கு அவ விழுததுக்கு முன்ன வீட்டுக்கே போகலன்னுல்லா சொன்ன?”

அவன் சேலையின் மறுமுனையைப் பற்றினான். முருகம்மாள் விடவில்லை. துணி இருவருக்கும் நடுவே இறுகியது.

“உமைரா! ஏ உமைரா! எல்லாரையும் கூட்டிட்டு வா!”

பக்கத்துத் தையற்கூடத்திலிருந்து உமைராவும் பெண்களும் வந்து வாசலை அடைத்து நின்ற பிறகே அவன் பிடி தளர்ந்தது.

துருவும் அந்தக் கைகளின் கருப்பும் நிலைப்பதற்காக, எந்தத் துணிக்கும் செய்வதுபோல, முருகம்மாள் அதை நல்ல தண்ணீரில் அலசினாள்.