பூ விழுந்த கண்

வேலம்மா மகனுக்குப் பெண் பார்க்க வந்த அன்று நகை நட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. "புள்ளைக்குக் கண்ணு நல்லாருக்கா? எனக்கு அது ஒண்ணு போதும்" என்று மட்டும் கேட்டாள். அந்த நேரம் பெண்ணின் மூக்குக் கண்ணாடி அடுப்படியில் அரிசி வாளிக்குள் கிடந்தது. தர்ஷிகாவின் அம்மா கொஞ்சமும் அசராமல், "இருட்டுலயும் ஊசியில நூல் கோப்பா எங்க புள்ள" என்று சொல்லிவிட்டாள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய்யச் சொன்ன புண்ணியவான், அந்தப் பொய்களைப் பிறகு யார் கட்டிக் காப்பது என்று சொல்லாமலே போய்விட்டான்.

வேலம்மா அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. சின்ன வயதிலேயே அவளுடைய வலது கண்ணில் பூ விழுந்துவிட்டது. கருவிழி மேல் தேங்காய்ச் சில்லு ஒட்டினது போல வெள்ளையாக இருக்கும். தேயிலைத் தோட்டத்தில் முதுகுக்குப் பின்னால் அவளைப் பூக்கண்ணி என்பார்கள். முகத்துக்கு நேரே சொன்ன ஒருத்தி கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள் என்று கேள்வி. பெற்ற மகன் கிஷாந்த் கூட அந்தக் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை. மருமகளாக வந்த தர்ஷிகாவும் மாமியாரிடம் பேசும்போது இடது கண்ணை மட்டுமே பார்க்கப் பழகிக்கொண்டாள்.

கிஷாந்த்துக்கு மட்டும் உண்மை தெரியும். கல்யாணமான கையோடு தர்ஷிகா அவனிடம் சொல்லிவிட்டாள். அவன் சிரித்தான். மாத்தளைக்குக் கூட்டிக்கொண்டு போய் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸ் வாங்கிக் கொடுத்தான். "அம்மாட்ட நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்றான். பிறகு சீகிரியாவில் தான் வேலை பார்க்கும் ஹோட்டலுக்குப் போய்விட்டான். லீவு கிடைத்தால் வருவான், கோழிக்கறி சாப்பிடுவான், போவான். அந்தப் பக்குவம் மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எதை எங்கே ஒளிப்பது? முன்னால் ஒரு அறை, படுக்க ஒரு அறை, பின்னால் அடுப்படி. லென்ஸைக் கழற்றினால் தர்ஷிகாவுக்கு எதிரில் நிற்பது மாமியாரா, கொடியில் தொங்கும் சேலையா என்று தெரியாது. அதனால் பல ராத்திரி அதைப் போட்டபடியே தூங்கினாள். லென்ஸ் கழுவும் மருந்துத் தண்ணீர் தீர்ந்தபோது பீலித் தண்ணீரில் அலசிப் போட்டுக்கொண்டாள். மலையிலிருந்து குழாயில் வந்து விழும் தண்ணீர், பளிங்கு மாதிரி இருக்கும், லயமே அதைத்தான் குடிக்கிறது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் தண்ணீர் கண்ணுக்கு ஆகாமல் போகுமா என்று நினைத்தாள். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுக்கும் என்பது இதுதான்.

ஒரு திங்கட்கிழமை காலை எழும்பினபோது வலது கண்ணில் மணலைக் கொட்டினது போல உறுத்தியது. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அடுப்படிக்குப் போனதும் வேலம்மா திரும்பிப் பார்த்து, ஊதுகுழலைக் கீழே போட்டாள்.

"என்னடி இது, இப்படிச் செவந்து கெடக்கு? ஏதாச்சும் விழுந்துச்சா? இங்க வா, தொற பாப்போம்."

சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கிட்டே வந்தாள். இமையைப் பிரித்தால் லென்ஸ் தெரிந்துவிடும். தர்ஷிகா பின்னால் நகர்ந்தாள். வாயில் என்ன வருகிறது என்று தெரியாமலே சொன்னாள்:

"ஒண்ணும் விழலிங்க அத்தை. ராத்திரி கனவுல மஞ்சச் சீல கட்டி ஒரு பொம்பள வந்தாங்க. நெத்தி நெறையக் குங்குமம். என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க."

வேலம்மாவின் கை அப்படியே நின்றது. முந்தானை விரலிலிருந்து நழுவியது. மெதுவாகக் கை இரண்டையும் கூப்பினாள்.

"ஆத்தா, மாரியம்மா" என்றாள். "எங்க வீட்டுக்கா தாயே வந்த?"

அம்மை போட்டாலும், கண் சிவந்தாலும், அம்மன் இறங்கியிருக்கிறாள் என்று நம்பும் வீடுகள் தோட்டத்தில் இன்னும் இருக்கின்றன. தேநீர் கொதிப்பதற்கு முன்பே வாசலில் வேப்பிலை கட்டியாகிவிட்டது. தர்ஷிகாவுக்கு வெள்ளைத் துணி விரித்து, தலைமாட்டில் மஞ்சள் தண்ணீரும் வேப்பங்கொத்தும் வைத்தார்கள். வீட்டில் தாளிக்கக் கூடாது. வெளி ஆள் வரக் கூடாது. மருந்து, மாத்திரை, டிஸ்பென்சரி என்ற பேச்சே எடுக்கக் கூடாது, அம்மனுக்குக் கோபம் வரும். தினமும் தர்ஷிகாவை மாத்தளை டவுனில் அவள் வேலை பார்க்கும் மர்சூக் நானாவின் துணிக்கடைக்கு ஏற்றிப் போகும் அழகமுத்து ஆட்டோவோடு வந்தான். வேப்பிலையைக் கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொண்டு, இறக்கத்தில் வண்டியைப் பின்பக்கமாகவே விட்டான்.

முதலில் தர்ஷிகாவுக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. தப்பித்தோம், இரண்டு நாள் படுத்தால் சிவப்பு போய்விடும் என்று எண்ணினாள். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு லென்ஸைக் கழற்றப் பார்த்தாள். இடது கண்ணில் இருந்தது வந்துவிட்டது. வலது கண் வீங்கிக் காய்ந்து கிடந்தது. விரலை வைத்துக் கிள்ளினபோது உயிர் போகிற வலி. விரல் நுனியில் ஒட்டி வந்ததைப் பார்த்தாள். பாதிதான் வந்திருந்தது.

மீதிப் பாதி எங்கே?

இமையைத் தூக்கித் தடவினாள், கீழே இழுத்துத் தடவினாள். இல்லை. கண்ணுக்குப் பின்னால் போயிருக்குமோ? அங்கிருந்து மூளைக்குப் போகுமோ? கண்ணுக்குப் பின்னால் போக வழியே கிடையாது என்று படித்தவர்கள் சொல்வார்கள். போர்வைக்குள் தனியாகக் கிடந்தவளிடம் சொல்ல யார் இருந்தார்கள்?

வேலம்மா தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போன நேரம் பார்த்துக் கிஷாந்த்துக்குப் போன் எடுத்தாள். அவன் குரலுக்குப் பின்னால் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

"என்னங்க, கண்ணுக்குள்ள பாதி லென்ஸ் மாட்டிக்கிச்சு. வலி தாங்க முடியல. வந்து கூட்டிப் போங்க."

"இப்ப எப்படி வர்றது? ஹோட்டல் நெறைய வெள்ளக்காரங்க. ஞாயித்துக்கெழம வந்துருவேன். அதுவரைக்கும் அம்மாட்ட மட்டும் சொல்லிராத, சரியா? தெரிஞ்சா வீட்ட ரெண்டாக்கிரும்."

தன் அம்மாவுக்குப் பயந்த பிள்ளை, பெண்டாட்டியின் கண்ணுக்குப் பயப்படவில்லை. தர்ஷிகா போனை வைத்தாள்.

அன்று முழுக்க வலி ஏறிக்கொண்டே போனது. கதவு இடுக்கில் வந்த வெயில் ஊசி போலக் குத்தியது. வேலம்மா வேப்பிலையால் விசிறினாள், இளநீர் கொடுத்தாள். "தாயி, சின்னப் புள்ள, பொறுத்துக்க" என்று அம்மனிடம் கெஞ்சினாள். அந்தக் கெஞ்சல்தான் தர்ஷிகாவைக் கொன்றது. வராத அம்மனை வந்தாள் என்று சொன்னோமே, இப்போது நிஜமாகவே வந்துவிட்டாளோ? பொய் சொன்ன வாயை விட்டுவிட்டுக் கண்ணை எடுக்கப் போகிறாளோ? கண்ணை நினைத்து ஒரு பயம், அம்மனை நினைத்து ஒரு பயம். இரண்டுக்கும் நடுவில் அவள் மூச்சு விடவும் பயந்து படுத்திருந்தாள்.

மறுநாள் மத்தியானம் வேலம்மா முற்றத்தில் வேப்பங்கொத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. தர்ஷிகா போன் கேமராவைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தாள். கிட்டத்தில் இருப்பது அவளுக்கு எப்போதும் தெரியும். இமையை இரண்டு விரலால் பிரித்தாள். வெள்ளை முழி முழுக்க இரத்தச் சிவப்பு. கருவிழியின் ஓரத்தில், முதலில் வெளிச்சம் பட்டதென்று நினைத்தாள், போனை நகர்த்தினாள், அது நகரவில்லை. உளுந்தில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

அவள் அலறின அலறலில் வேலம்மா கொத்தோடு உள்ளே ஓடி வந்தாள்.

"பூவு அத்தை! கண்ணுல பூ விழுந்துருச்சு!"

அந்த வீட்டில் அந்தச் சொல்லை யாரும் சொன்னதில்லை. தர்ஷிகா மாமியாரின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"மாரியம்மா வரலிங்க அத்தை. நான் பொய் சொன்னேன். கனவெல்லாம் பொய். எனக்குச் சின்னதுலருந்து தூரத்துப் பார்வ இல்ல, கிட்டத்துல இருந்தாத்தான் தெரியும். கண்ணுக்குள்ள கண்ணாடி மாதிரி ஒண்ணு போட்டிருந்தேன். அதுல பாதி உள்ள இருக்கு. என்னய என்ன வேணும்னாலும் செய்ங்க. கண்ணு போயிரும் அத்தை, என் கண்ணு போயிரும்."

அடிப்பாள் என்றுதான் நினைத்தாள். வேலம்மா கீழே உட்கார்ந்து அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். தன் நல்ல கண்ணை இடுக்கிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். பிறகு எழும்பி வாசலுக்குப் போய், கட்டின வேப்பிலையைத் தன் கையாலேயே அறுத்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வேப்பிலையை அவிழ்க்கக் கூடாது என்று லயத்துக்கே சொல்லிக் கொடுக்கிறவள் அவள்.

"ஆத்தா, கோவம்னா எங்கிட்டக் காட்டு. ஏற்கெனவே ஒண்ண எடுத்துட்ட. இந்தா இன்னொண்ணு இருக்கு" என்றாள். பிறகு இறக்கத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள். "அழகமுத்து! வண்டிய எடுடா!"

அழகமுத்து வேப்பிலை கட்டின வீட்டுக்கு வரப் பயந்து தூரத்திலேயே நின்றான். "நீ வர்றியா, நான் வந்து ஒன்னய இழுத்துக்கிட்டு வரவா?" என்றதும் அம்மனை விட வேலம்மாவுக்கே அதிகம் பயந்தவனாக வண்டியைக் கொண்டு வந்தான்.

ஆட்டோவில் வேலம்மா அவள் தலைமேல் முந்தானையைப் போட்டு வெளிச்சத்தை மறைத்துக்கொண்டாள். வளைவுகளில் திரும்பும்போது பேசினாள். மருமகளிடம் பேசுவது போலவே இல்லை.

"எனக்கு விழுந்தது மொளகுத் தும்பு. காஞ்ச மொளகு பொடைக்கிற எடத்துல வெளையாடிக்கிட்டிருந்தேன். கண்ணு செவந்துச்சு. ஆத்தா வந்துருக்கான்னாங்க, வேப்பெல கட்டுனாங்க. உள்ள மொளகு இருக்கு, மொளகு இருக்குன்னு கத்துனேன். சின்னப் புள்ள ஒளர்றான்னு ஒருத்தரும் தொறந்து பாக்கல."

தர்ஷிகா முந்தானைக்குள் இருந்தபடி, "அப்பறம் ஏங்க அத்தை நீங்களும்..." என்று தொடங்கி நிறுத்தினாள்.

"நான் தொறந்து பாக்கத்தானேடி வந்தேன்! கண்ணு செவந்தா நான் மொதல்ல தும்புதான் தேடுவேன். நீதான் மஞ்சச் சீலன்ன. ஆத்தா பேரச் சொன்னப்பறம் நான் எப்படிக் கைய வைப்பேன்?"

ஏதாச்சும் விழுந்துச்சா என்று கேட்ட அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் நேற்றுக் காலையே எல்லாம் முடிந்திருக்கும். தர்ஷிகாவுக்கு வலியை விட அது பெரிதாக வலித்தது.

ஆஸ்பத்திரியில் பெண் டொக்டர் மேல் இமையைத் திருப்பி, உள்ளே ஒட்டியிருந்த பாதி லென்ஸை எடுத்தார். கருவிழியில் புண் என்றார். லென்ஸ் போட்டுக்கொண்டு தூங்கினாயா, தண்ணீரில் கழுவினாயா என்று கேட்டார். அவள் தலையாட்டத் தலையாட்ட அவர் முகம் கடுமையானது. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விட வேண்டும், வார்டில் தங்க வேண்டும், பார்வை எவ்வளவு மிஞ்சும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். அவர் சிங்களத்தில் சொன்னதை வேலம்மா ஒரு சொல் விடாமல் கேட்டாள். மருமகளிடம் தமிழில் சொன்னபோது, கடைசியில் சொன்னதை மட்டும் விழுங்கிவிட்டாள். ஆனால் தர்ஷிகாவுக்கும் சிங்களம் தெரியும்.

அடுத்து வந்த நாட்களில் தர்ஷிகா சொட்டு மருந்தும் பயமுமாகக் கிடந்தாள். கிஷாந்த் பக்குவமாகச் சொல்கிறேன் என்றதையும் மாமியாரிடம் சொல்லிவிட்டாள். ஒவ்வொரு தரம் கண்ணைத் திறக்கும்போதும் வெறும் பால் போன்ற வெளிச்சம்தான் தெரிந்தது. கிஷாந்த் ஞாயிற்றுக்கிழமை அப்பிள் பையோடு வந்தான். "வந்துட்டாரு தொர" என்றாள் வேலம்மா. "பக்குவம் கெடச்சிருச்சா தம்பி?" அவன் பையை வைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றுகொண்டான்.

புண் ஆறத் தொடங்கியிருக்கிறது என்று டொக்டர் சொன்ன காலையில், நல்ல கண்ணை உள்ளங்கையால் மூடிச் சுவரில் தொங்கும் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். தர்ஷிகா பார்த்தாள். ஒரே மூட்டம்.

"ஒண்ணும் தெரியல" என்றாள்.

"கண்ணாடி இல்லாமல் எப்படியும் தெரியாது. கொண்டு வரட்டும், நாளைக்குப் பார்ப்போம்" என்று டொக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நாளைக்கு வரை பொறுக்க வேலம்மாவால் முடியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, மூக்கோடு மூக்கு முட்டுகிற அளவுக்கு முகத்தைக் கொண்டு வந்தாள்.

"கிட்டத்துல இருந்தா தெரியும்னியே. கைய எடுக்காத. என்னயப் பாரு. அந்தப் பக்கம் இல்லடி, இந்தப் பக்கம்."

தர்ஷிகா பார்த்தாள்.

"பூ தெரியுதா?"

முதலில் மூட்டம். பிறகு அதற்குள் ஒரு கறுப்பு. கறுப்பின் மேல் மெதுவாக, மங்கலாக...

"தெரியுது அத்தை."

"பொய் சொல்லாத. எப்படி இருக்கு, சொல்லு."

"வெள்ளையா இருக்கு. நடுவுல கெட்டியா. ஓரத்துல கொஞ்சம் நீலமா."

வேலம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது.

"நீலமாவா இருக்கு?" என்று கேட்டாள். "இத்தன வருசத்துல ஒருத்தரும் சொல்லலியேடி."