இரண்டாம் ரகசியம்

தையல்காரம்மா ஜெபமாலை சொன்னால் எண்ணிக்கை தப்பாது. பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டே நூற்றைம்பத்து மூன்று மணியையும் சொல்லி முடிக்கிறவள் அவள். இருபது வருஷமாகப் பங்குக் கோயிலில் முன் ஜெபம் சொல்வதும் அவள்தான். அவள் முதல் பாதியைச் சொன்னால் மற்றவர்கள் பின் பாதியைச் சொல்வார்கள். ஜெபமாலையின் வழக்கம் அப்படி. அவள் வாய் திறக்காமல் யாரும் ஆமென் போட முடியாது.

அப்பேர்ப்பட்டவளின் வீட்டைத்தான் பட்டியல்காரர் விட்டுவிட்டார்.

அவர் பங்குப் பேரவையின் செயலாளர். கல்யாணமோ, சாவோ, கோயில் கூட்டுகிற முறையோ, எதுவானாலும் ஒரு தாளில் கோடு போட்டு எழுதி ஒட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஜெபமாலை மாதமான அக்டோபரில் மாதா சுரூபம், கோயில் சிலைதான், நாளுக்கொரு வீடாகப் போகும்; அந்த வீட்டில் எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள். திங்கட்கிழமை மருந்துக்கடைக்காரர் வீடு. செவ்வாய்க்கிழமை, நியாயப்படி, பக்கத்திலிருக்கும் தையல்காரம்மா வீடு. ஆனால் தாளில் அவளுக்கு அடுத்த வீட்டின் பெயர் இருந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவரை வழிமறித்தாள்.

"அண்ணே, பட்டியல்ல எங்க வீடு விட்டுப்போச்சு."

"விட்டுப்போகலைம்மா. விட்டுட்டோம்."

"ஏன்?"

அவர் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டார். "உங்க மகளுக்கு இப்போ ஏழு மாசம். மாப்பிள்ளை எங்கேன்னு நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?"

"கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொன்னவன் ஓடிட்டான்னு சொல்லுங்க. ஊருக்கே தெரிஞ்சதுதானே."

"மாதா வர்ற வீடு சுத்தமா இருக்கணும்மா."

"போன வாரம்தான் வெள்ளையடிச்சேன்."

"நான் எதைச் சொல்றேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியுது. பங்குச் சாமிகிட்ட கேட்டீங்களா?"

"சாமிக்கு ஆயிரம் வேலை. இதுக்கெல்லாமா அவரைத் தொந்தரவு பண்றது?" என்று சொல்லிவிட்டு அவர் நடையைக் கட்டினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்பது எல்லா மதத்துக்கும் பொதுவான பழமொழி போலிருக்கிறது.

வீட்டில் மகள் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். வயிறு இடித்ததால் சட்டையைத் தூக்கிப் பிடித்துத் தைத்தாள். கோயிலுக்குப் போவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. நடந்ததைக் கேட்டுவிட்டு, "விடும்மா. வராட்டிப் போகட்டும்," என்றாள். இரண்டு பட்டன் தைத்தபிறகு நிமிராமலே கேட்டாள்: "நாளைக்கு என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கேட்டுப் போனாலும் பட்டியல்ல இடம் இல்லேன்னுதான் சொல்வாராம்மா?"

தையல்காரம்மா மகள் கையிலிருந்த சட்டையை வாங்கிக் கீழே வைத்தாள். தன்னை என்ன சொல்லியிருந்தாலும் பொறுத்துக்கொண்டிருப்பாள். இன்னும் முகம் காட்டாத ஒரு உயிருக்கு இப்போதே கதவைச் சாத்துகிறார்களே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் எப்போதும் போல மருந்துக்கடைக்காரர் வீட்டுக்குப் போனாள். கூடத்தில் முப்பது பேர் முழங்காலில் நின்றார்கள். மேஜைமேல் ஒரு முழ உயர மாதா சுரூபம், இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. முன்வரிசையில் பட்டியல்காரர், முழங்காலுக்கடியில் மெத்தென்று ஒரு துண்டு மடித்துப் போட்டுக்கொண்டு.

திங்கட்கிழமைக்குச் சந்தோஷ தேவ ரகசியங்கள்: மாதாவின் வாழ்க்கையிலிருந்து ஐந்து சம்பவங்கள், ஒவ்வொன்றையும் தியானித்துப் பத்து மணி ஜெபம். முதல் ரகசியம், வானதூதர் மாதாவுக்கு மங்கள வார்த்தை சொன்னது. அதற்கான பத்து மணியும் ஒழுங்காக முடிந்தது.

"இரண்டாம் தேவ ரகசியம்," என்றாள். "தேவமாதா, கர்ப்பவதியான எலிசபெத்தம்மாளைத் தேடி அவங்க வீட்டுக்குப் போனதைத் தியானிப்போமாக."

பத்து அருள் நிறைந்த மந்திரம் முடிந்து, திரித்துவப் புகழும் முடிந்தது. அடுத்து மூன்றாவது, குழந்தை பிறப்பு. தையல்காரம்மா தொண்டையைச் செருமினாள்.

"இரண்டாம் தேவ ரகசியம். தேவமாதா, கர்ப்பவதியான எலிசபெத்தம்மாளைத் தேடி அவங்க வீட்டுக்குப் போனதைத் தியானிப்போமாக."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரம்மாவுக்கே எண்ணிக்கை தப்பிவிட்டதா? மருந்துக்கடைக்காரரின் மனைவி மெதுவாக முழங்கையால் இடித்து, "அக்கா, ரெண்டு முடிஞ்சிடுச்சு," என்று கிசுகிசுத்தாள். முன் ஜெபம் நிற்கவில்லை. முதல் பாதி வந்துவிட்டால் பின் பாதி சொல்லாமல் இருக்க முடியுமா? சொன்னார்கள். இன்னொரு பத்து முடிந்தது.

"இரண்டாம் தேவ ரகசியம்," என்றாள் மூன்றாவது முறையாக. இப்போது 'கர்ப்பவதியான' என்ற இடத்தில் குரலை உயர்த்தினாள்.

எண்ணிக்கை தப்பவில்லை என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பின்னால் ஒரு கிழவர் முழங்கால் வலியில் முனகினார். யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பட்டியல்காரரின் காது மடல் சிவந்துவிட்டது. பத்து முடிந்ததும் அவர் திரும்பினார்.

"என்னம்மா இது விளையாட்டு? மூணாவதுக்குப் போங்க."

"எப்படிண்ணே போறது? மாதா இன்னும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேரலையே. நீங்கதான் வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க."

"ஜெபத்துல அரசியல் பண்ணாதீங்க."

"பட்டியல்ல பண்ணினது யாரு? எலிசபெத்தம்மாளைப் பார்க்க மலைநாட்டுக்கு நடந்தே போனவங்கண்ணே மாதா. அடுத்த வீட்டுக்குப் போக உங்க கையெழுத்து வேணுமா? நான் விடியிற வரைக்கும் சொல்வேன். எனக்கு முழங்கால் பழகிப்போச்சு." தயங்காமல் ஆரம்பித்தாள். "இரண்டாம் தேவ ரகசியம்..."

இந்த முறை முடிக்கவிடாமல் எழுந்தது மருந்துக்கடைக்காரரின் மனைவிதான். "எங்க வீட்டுல இருக்கிற வரைக்கும் மாதா எங்க விருந்தாளி. விருந்தாளி கிளம்பினா நான் தடுக்கமாட்டேன்," என்று சொல்லி சுரூபத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள். கிழவர் ஒரு மெழுகுவர்த்தியை எடுத்தார். மற்றவர்கள் செருப்பைத் தேடினார்கள். முழங்கால் தப்பியதில் பாதிப்பேருக்குச் சந்தோஷம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பட்டியல்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். "இன்னைக்கு ஒரு நாள்தான். சொல்லிட்டேன்."

"இன்னைக்கு அவங்களா வர்றாங்க. நாளைக்குத்தான் எங்க முறை. தாள்ல எழுதிக்கங்க," என்றாள் தையல்காரம்மா.

கதவைத் திறந்த மகள், தெருவே வாசலில் நிற்பதைப் பார்த்து ஒரு கணம் உள்ளே ஓடத்தான் நினைத்தாள். பிறகு வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்று, "வாங்க," என்றாள். மிஷின்மேல் இருந்த சட்டைகளை வாரிக் கீழே போட்டுவிட்டுச் சுரூபத்தை அங்கே வைக்கச் சொன்னாள். கூட்டம் கூடத்தில் நெருக்கியடித்து நின்றது. பட்டியல்காரருக்கு நிலைப்படியில்தான் இடம் கிடைத்தது.

"அம்மா, மூணாவது நான் சொல்றேன்," என்றாள் மகள்.

தையல்காரம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. கையிலிருந்த ஜெபமாலையை மகளிடம் கொடுத்தாள்.

"மூன்றாம் தேவ ரகசியம்," என்றாள் மகள். குரல் முதலில் நடுங்கியது, பிறகு நடுங்கவில்லை. "ஊர்ல ஒருத்தரும் இடம் குடுக்காததால, தேவமாதா மாட்டுக்கொட்டகையில பிள்ளை பெத்ததைத் தியானிப்போமாக."

அவள் முதல் பாதியைச் சொன்னாள். பின் பாதியை எல்லாரும் சொன்னார்கள். 'பாவிகளாயிருக்கிற எங்களுக்காக' என்ற இடம் வந்தபோது, நிலைப்படியில் நின்றவரும் வாய் திறந்து சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.