பிரம்பு வண்டி மலையேறிய நாள்

கொல்லம் ஆயிரத்து நூற்று இருபத்தேழு, பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் காலையில் சுசீந்திரத்தில் எங்கள் வீட்டு முற்றத்தில் இருந்தவர்கள் இவர்கள்: என் அண்ணன் நாராயணபெருமாள், அவர் மனைவி செல்லத்தாய் மைனி, உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்த எங்கள் மூத்த தங்கை தாணம்மாள், வடசேரி மெக்கானிக் யேசுரத்தினம், தச்சர் கோலப்பன், பொன்னுலிங்கமாகிய நான். பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை நான் சேர்க்கவில்லை.

நடுவில் வண்டி நின்றது. அதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்ப தெய்வம் மேல்மலை சாஸ்தா. அழகியபாண்டியபுரம் தாண்டி, காட்டுக்குள் மரம் ஏற்றும் லாரிகள் போட்ட கூப்புப் பாதையில் ஏறி, ஒரு காட்டாற்றைக் கடந்து போக வேண்டும். அங்கே கூரை கிடையாது. ஒரு பாறை, ஒரு பீடம், அடுப்புக் கற்கள், அவ்வளவுதான். உத்திரத்துக்கு முந்தின நாள் பொழுது அடைவதற்குள் குடும்பத்தின் மூத்த ஆண் தன் கையால் அந்த அடுப்பில் தீ மூட்ட வேண்டும். பிறகு இரண்டு இரவு அங்கேயே கூடாரம் அடித்துத் தங்கி, பொங்கலிட்டு, தொழுதுவிட்டு இறங்க வேண்டும். மூத்தவர் தொடர்ந்து மூன்று பங்குனி வராமற்போனால் அடுப்பு உரிமை அடுத்த கிளைக்குப் போகும். அடுத்த கிளை என்றால் எங்கள் சித்தப்பா மகன் பகவதியப்பன்.

அண்ணனுக்கு வாதம் வந்து இடது கால் விளங்காமல் போய் இரண்டு பங்குனி கழிந்துவிட்டன. டோலியில் தூக்கிக்கொண்டு போகலாமே என்று கேட்டவர்கள் உண்டு. அந்தச் சன்னிதிக்கு மனிதத் தோளில் ஏறி வரக்கூடாது என்பது முறை. அந்த முறை இல்லாவிட்டாலும் அண்ணன் ஏறியிருக்க மாட்டார்.

"நாலு பேரு தூக்குறதுக்கு இன்னும் காலம் கெடக்குலே," என்றார்.

ஆகவே வண்டி கட்டினோம். பட்டாளம் கழித்துப் போட்ட ஜீப் ஒன்று யேசுரத்தினத்தின் பட்டறையில் கிடந்தது. சண்டைக் காலத்தில் அவன் அஸ்ஸாம் காட்டில் இதே மாதிரி வண்டி ஓட்டியவன். அதைச் சொல்லாமல் ஒரு பொழுதும் போகாது. பின்பக்கத்து இரும்பை எல்லாம் அறுத்தெறிந்துவிட்டு, சாமான் வைக்கவும் ஆள் படுக்கவும் ஒரு தட்டு கட்ட வேண்டும், அது கனமே இருக்கக்கூடாது என்றான். ஒரு கையால் தூக்க முடியாத எதையும் அவன் வண்டியில் சேர்க்கவில்லை. கோலப்பன் இழைத்த மலைவேம்புச் சட்டங்களைத் தூக்கிப் பார்த்து, இன்னும் இழை, இன்னும் இழை என்று அவரைப் பாடாய்ப் படுத்தினான். பக்கச் சுவர்களுக்குப் பலகையே இல்லை. நாற்காலிக்குப் பின்னுவதுபோல் பிரம்பு. அதில் ஒரு பக்கம் கீலில் மடங்கி வெளியே கட்டிலாக விழும். மேலே பிரம்பு வளைவில் கித்தான்.

நான் பட்டறைக்குப் போய்ப் பார்த்தபோது எனக்கு மனசு ஆறவில்லை.

"என்னவே இது, கோழிக்கூடு மாதிரி?"

"கோழி மலையேறும் அண்ணாச்சி. ஆனைதான் சேத்துல நிக்கும்," என்றான் யேசுரத்தினம்.

"பின்பக்கமாவது தேக்குப் பலகை போடு. குடும்பப் பேரைப் பித்தளையில அடிச்சிரலாம். நாலு ஊரு தாண்டிப் போற வண்டி."

"பேரை எழுதுங்க, வேண்டாங்கல. காயிதத்துல எழுதி ஒட்டுங்க."

அண்ணனிடம் முறையிட்டேன். அவர் கைத்தடியால் பிரம்புச் சுவரைத் தட்டிக் கேட்டுவிட்டு, "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு," என்றார். அதற்குமேல் நான் பேசவில்லை. மூத்தவர் சொன்ன பிறகு பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

அன்று காலை விடிந்ததிலிருந்தே அண்ணன் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தடி நுனி தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது. "நேரம் என்ன?" என்று மைனியிடம் கேட்டார். பதில் வருமுன் என்னிடம் கேட்டார்.

அப்போது தாணம்மாள் தன் பங்கைக் கொண்டுவந்தாள்.

இந்த முறையை வெளியூர்க்காரர்கள் அறிய மாட்டார்கள். மேல்மலைக்குப் போகிற அன்று, இந்த வீட்டில் பிறந்து வேறு வீட்டுக்குப் போன பெண்கள் ஒவ்வொருவரும் தம் கையால் ஒரு பொருளை ஏற்றிவிடுவார்கள். வேண்டாம் என்று சொன்னால் நீ இந்த வீட்டுப் பெண் இல்லை என்று சொன்னதாகும். ஏற்றிய பொருள் சாஸ்தாவின் பீடத்தையோ அடுப்பையோ சேரும்வரை தரையில் படக்கூடாது. மாட்டு வண்டிக் காலத்தில் இதனால் ஒரு தொல்லையும் இல்லை. வண்டி போகிற மட்டும் வண்டி, பிறகு ஆட்களின் தலை.

தாணம்மாள் ஒரு மூட்டை பச்சரிசியும் இரண்டு பலாப்பழமும் ஏற்றினாள். யேசுரத்தினம் பின்சக்கரத்தைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணாச்சி, இந்தப் பழம் ஒண்ணு நான் இழைச்சுத் தள்ளுன மரம் அத்தனைக்கும் சமம்."

"நீ இழைக்கல, நான் இழைச்சேன்," என்றார் கோலப்பன்.

"ஏற்று," என்றேன் நான்.

பூதப்பாண்டியில் இளைய தங்கை நாகம்மையின் வீட்டு வாசலில் நின்றோம். அவள் முதலில் கேட்டது, "அக்கா என்ன தந்தா?" என்பது. சொன்னேன். உள்ளே போனவள் இரண்டு ஆட்களோடு திரும்பினாள். அவர்கள் தூக்கி வந்தது ஒரு வெண்கல உருளி. ஊர்ப் பந்திக்கே பாயசம் வைக்கலாம்.

"ஏட்டி, பொங்கப் பானை எங்ககிட்ட இருக்கு," என்றார் அண்ணன்.

"மண்பானையா? எங்க அண்ணன் ரெண்டு வருசம் கழிச்சுப் போறாரு, மண்பானையில பொங்குவாரா? இதுலதான் பொங்கணும்."

அவள் கண் கலங்கியிருந்தது. உருளி ஏறியது. எங்கள் மண்பானை அங்கேயே இறங்கியது. வண்டியின் பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்துபோனதை நானும் பார்த்தேன். பார்த்துத்தான் ஏற்றினேன், இன்று கேட்டாலும் ஏற்றச் சொல்வேன்.

கூப்புப் பாதையில் வண்டி முனகியது. அண்ணன் முன்னால் யேசுரத்தினத்தின் அருகில். நான் பின்னால் உருளியை அணைத்துக்கொண்டு. கோலப்பன், கட்டியதை உடைபடாமல் கொண்டு சேர்க்க வேண்டும் என்று தானும் தொற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பள்ளத்திலும் பிரம்பு கிறீச்சிட்டது. ஒவ்வொரு கிறீச்சுக்கும் அவர் முகம் சுளித்தார். அண்ணன் மரங்களுக்கு மேலே சூரியனைத் தேடிக்கொண்டிருந்தார்.

காட்டாற்றில் முழங்கால் தண்ணீர்தான். அடியில் மணல். நடு ஆற்றில் பின்சக்கரங்கள் சுழன்றன, வண்டி நகரவில்லை. யேசுரத்தினத்துக்குக் கோபம் வந்துவிட்டது. அஸ்ஸாமில் கேட்காத சத்தம் எல்லாம் கேட்கும்படி மிதித்தான். சக்கரம் அச்சுவரை புதைந்தது. கருகிய நாற்றம் எழுந்தது.

"கிளச்சு கருகுது. இனி மிதிச்சா ஒண்ணும் மிஞ்சாது. பாரத்தை இறக்கணும்."

"எங்கே இறக்குவ?" என்றேன்.

"கரையில."

"தரையில வைக்கக்கூடாது."

"அப்போ பாறையில."

"பாறையும் தரைதான்."

அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, தலை மூணுதான் இருக்கு. அதுல ஒண்ணு வண்டி ஓட்டணும்."

உண்மை. அரிசியை நான் சுமந்து, பலாப்பழங்களைக் கோலப்பன் சுமந்தாலும், உருளி வண்டியில்தான் இருக்கும். அது இருக்கும்வரை வண்டி அசையாது. அண்ணன் தடியைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்த்தார், எடுத்தார், மறுபடி விட்டார்.

அப்போதுதான் பகவதியப்பன் வந்தான். காலை பஸ்ஸில் அழகியபாண்டியபுரம் வந்து இறங்கி, மூன்று ஆட்களோடு நடந்து வந்துகொண்டிருந்தான். ஆட்களின் தலையில் அவர்களுடைய அரிசியும் பானையும் இருந்தன. எதற்காக வருகிறான் என்பது எங்களுக்கும் தெரியும், நாங்கள் அறிவோம் என்பது அவனுக்கும் தெரியும்.

கரையில் நின்று வண்டியைச் சுற்றிலும் பார்த்தான்.

"என்ன பெரியண்ணே, ஜீப்பு குளிக்குதா?"

"வெயில் கடுப்பம்லா," என்றார் அண்ணன்.

"முதுகு தேய்க்க ஆள் வேணுமா?"

"உனக்கு நேரமாகும். நீ போ மக்கா."

அவன் ஆற்றில் இறங்கி வண்டியை ஒட்டியே கடந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கேட்பதாயில்லை. மறுகரை ஏறப் போனவன் பின்பக்கம் எட்டிப் பார்த்தான்.

"இது ஆரு உருளி?"

"நாகம்மை," என்றேன்.

"நாகம்மை அக்காவா ஏத்துனா?"

"அவ கையால."

பகவதியப்பன் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தான். சக்கரம் புதைந்துகொண்டிருந்தது, தண்ணீர் தட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டது. இன்னும் சிறிது நேரத்தில் உருளி ஆற்று மணலில் உட்கார்ந்திருக்கும். அவள் எனக்குத் தங்கை என்றால் அவனுக்கு அக்காள். ஒரே வீட்டில் பிறந்தவள்.

துண்டை எடுத்துச் சும்மாடு கூட்டினான். "தூக்கி விடுங்கலே," என்று தன் ஆட்களிடம் சொன்னான். அவர்கள் தங்கள் சுமையை மறுகரையில் வைத்துவிட்டு வந்தார்கள். ஒரு வெற்றிலைப் பெட்டியைக்கூடத் தானே சுமந்து நடந்தறியாதவன், உருளியைத் தன் தலையில் வாங்கினான். அரிசி மூட்டையை அவன் ஆள் ஒருவன் எடுத்தான். பலாப்பழங்களைக் கோலப்பன் தோளுக்கொன்றாக வைத்துக்கொண்டார். இலேசான வண்டியை நானும் மற்ற இரண்டு ஆட்களும் தள்ள, அது துள்ளிக் கரையேறியது.

மறுபடி ஏற்றலாம் என்றேன். யேசுரத்தினம் தலையாட்டவில்லை. "ஏத்தம் முழுக்கப் பாக்கி இருக்கு. கிளச்சுல உயிர் கொஞ்சந்தான். பெரியவரை மட்டும் கொண்டு சேக்கேன்."

அப்படியே போனோம். செங்குத்தான இடங்களில் வண்டி நின்று மூச்சு வாங்கும்போது சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க நான் பின்னாலேயே ஓடினேன். சாமான் சுமந்தவர்கள் வெகுவாகப் பின்தங்கிவிட்டார்கள்.

பாறை வந்துவிட்டது. பொழுதும் இருந்தது. அண்ணனை அடுப்புக் கற்களின் முன் இறக்கி உட்கார வைத்தேன். சுள்ளி பொறுக்கி அடுக்கினேன். தீப்பெட்டியை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை.

"உருளி எங்கே?"

"வருது. நீங்க தீயை மூட்டுங்க."

"வெறும் அடுப்புல தீ மூட்டுறது என்னைக்குன்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். எங்கள் வீடுகளில் ஒருவர் இறந்த அன்றைக்குத்தான் மேலே பாத்திரமில்லாமல் அடுப்பு எரியும். மண்பானையோ பூதப்பாண்டியில் இருந்தது. சூரியன் மேற்கு முகட்டுக்கு ஒரு பனை உயரத்தில் நின்றது. மூத்தவர் வந்தும் தீ மூளாமல் பொழுது அடைந்தால், வராததாகவே கொள்வார்கள். பகவதியப்பன் எதையும் தடுக்க வேண்டியதில்லை, யாரிடமும் பேச வேண்டியதில்லை. கொஞ்சம் மெதுவாக நடந்தால் போதும்.

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கித்தானை அவிழ்த்தேன், கட்டினேன். பிரம்புச் சுவரைக் கட்டிலாக இறக்கினேன், அது தேவையில்லை என்று தோன்றி மறுபடி தூக்கினேன். யேசுரத்தினம் எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே ஒன்றையும் தொடாமல் நின்றான்.

"நீ இப்படி நடந்தா பாறை தேயும்லே. இரி," என்றார் அண்ணன். அவருடைய தடியும் தட்டுவதை நிறுத்தவில்லை.

பாதை வளைவுவரை இறங்கிப் போனேன். அங்கிருந்து கீழே ஏற்றம் நீளமாகத் தெரியும். அவனைக் கண்டேன். கழுத்து நரம்பு புடைக்க, வாய் திறந்து, உருளியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தனியாக ஏறி வந்தான். அவன் ஆட்களும் கோலப்பனும் எங்கோ பின்னால். நான் இறங்கிப் போய்க் கைகளை நீட்டினேன்.

"கொண்டா, நான் சுமக்கேன்."

"தலை மாத்துற நேரத்துக்கு நாலு எட்டு வச்சிரலாம். வழிய விடு சின்னண்ணே."

விலகி நின்றேன். என்னைத் தாண்டிப் போனான். அவன் உடம்பிலிருந்து வேர்வை சொட்டி உலர்ந்த சருகில் சத்தம் கேட்டது. பின்னாலேயே நானும் ஏறினேன்.

யேசுரத்தினம் ஓடி வந்து ஒரு பக்கம் பிடிக்க, உருளியைத் தலையிலிருந்து நேரே கற்களின்மேல் இறக்கினார்கள். பகவதியப்பன் ஊற்றிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினான். முகட்டில் வெளிச்சம் இன்னும் இருந்தது. அண்ணன் தீக்குச்சியைக் கிழித்தார். முதல் குச்சி காற்றில் அணைந்தது. பகவதியப்பன் காற்று வந்த பக்கம் போய்க் குந்தித் துண்டை விரித்துப் பிடித்தான். இரண்டாவது பற்றியது.

"மூச்சு வாங்கு," என்றார் அண்ணன் அவனிடம்.

"உங்க ஜீப்பை விட நான் நல்லாத்தான் இருக்கேன் பெரியண்ணே."

அன்றும் மறுநாளும் அண்ணன் பிரம்புக் கட்டிலில்தான் படுத்தார். உத்திரத்தன்று பொங்கல் அந்த உருளியில் பொங்கியது. பகவதியப்பன் கிளையும் எங்கள் கிளையும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்டோம். பலாப்பழம் வெட்டியது கோலப்பன். உரிமை அண்ணனிடமே நின்றது.

பகவதியப்பன், பொழுது அடையட்டும் என்று வளைவுக்குக் கீழே உருளியை இறக்கி வைத்து, வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்றும், நான் போய் அவனை அதட்டி எழுப்பிக் கூட்டி வந்தேன் என்றும் வடசேரிச் சந்தையில் ஒரு பேச்சு நடக்கிறது. எங்கள் கிளைக்குப் பெருமை என்று நினைத்து எங்களைச் சேர்ந்தவர்களே அதைச் சொல்கிறார்கள். அது பொய். வளைவில் நின்றவன் நான். அவன் உட்காரவில்லை.